வார்யா தானே படித்த கடிதம்

சோல்வா ரயில் குடியிருப்பு
23 செப்டம்பர் 1979

ரிம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விவாகரத்துப் படிவங்கள் வந்து சேர்ந்தன. கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசி முடிக்க வேண்டும். இது நம் சண்டை இல்லை, வார்யாவைப் பற்றியது. பாதியில் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

வார்யா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முதல் நாள் கையில் பூங்கொத்து, தலையில் அவள் முகத்தைவிடப் பெரிய வெள்ளை ரிப்பன். நான்தான் கட்டினேன். மூன்று தடவை அவிழ்ந்துபோனது. நாலாவது தடவை, கூட்ஸ் பெட்டியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற முடிச்சைப் போட்டுவிட்டேன். சாயங்காலம் கத்தரிக்கோல் கொண்டுதான் எடுக்க முடிந்தது.

வகுப்பில் போன வாரம் А எழுத்து வந்தது, இந்த வாரம் М. அந்த இரண்டு எழுத்தே போதும், 'அம்மா' என்று எழுதிவிடலாம். நீயும் நானும் முதலில் படித்த சொல்லும் அதுதானே. வியாழக்கிழமை வகுப்பே சேர்ந்து அதைப் படித்திருக்கிறது. இவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்து, நாற்காலி போட்டு ஏறி, கடிகாரத்துக்குப் பின்னால் இருக்கிற உன் கடிதங்களை எடுத்தாள். நாலையும் மேசைமேல் விரித்துவைத்துத் தேடினாள்.

"எங்கப்பா இருக்கு?"

"எது?"

"அம்மாங்கற வார்த்தை. ஒண்ணுலயும் இல்லயே."

எப்படி இருக்கும்? நீ எனக்குத்தானே எழுதினாய், அவளுக்கு இல்லையே. 'கோட்டு அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததும் தெரிவி.' கீழே உன் பேர், 'ரி. லாப்தேவா.' அவ்வளவுதான். அச்செழுத்து வேறு, கையெழுத்து வேறு, அம்மா வேகமாக எழுதுகிறவள், அதனால் உனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுக்கு இன்னும் கொக்கியும் கோடும்தான் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள், நம்பிவிட்டாள். புத்தாண்டுக்குள் கையெழுத்தும் வந்துவிடும். அப்புறம் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இப்போது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷமாக உன் கடிதங்களை நான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். நீ மூன்று வரி எழுதினாய், நான் இரண்டு பக்கம் படித்தேன். மீதி எங்கிருந்து வந்தது என்று உனக்குப் புரியும்.

அவளுக்குப் படிக்க வருவதற்குள் அவள் பேருக்கு ஒரு கடிதம் எழுது. நான் கேட்பது அது ஒன்றுதான்.

என் இருமலைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெயிண்ட் பிரிவில் இருக்கிறவரை அது போகாது.

எகோர்


சகலின் தீவு
14 அக்டோபர் 1979

எகோர்,

எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது?

நான் அவளுக்கு எழுதவில்லை. அது தப்பு. தெரியும். ஆனால் அது என் தப்பு, நான் சுமந்துகொண்டு போயிருப்பேன். நீ அதன்மேல் ஜிகினா ஒட்டி வைத்திருக்கிறாய். இனி அவள் கண்ணில் நான் எழுதாதவள் மட்டும் இல்லை, ஏமாற்றியவளும்கூட.

ஒன்று கேட்கிறேன். எட்டு வருஷம் ஒரே சமையலறையில் இருந்தோம். நீ என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தீப்பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். சூப்பில் உப்பு சரியா என்று கேட்டாலும் தலையாட்டுவாய், கூடவா குறைவா என்று தெரியாது. அந்த ஆளுக்கு இப்போது என் பேரில் இரண்டு பக்கம் வருகிறதா? அதில் பாதியை என்னிடம் பேசியிருந்தால் நான் இந்தத் தீவில் நின்று ஹெர்ரிங் மீன் தலையை வெட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

எழுதாமல் இல்லை. எழுத உட்கார்ந்தேன், பல தடவை. 'என் செல்ல வார்யா' என்று போடுவேன். அவள் பாலர் பள்ளியில் மதியம் தூங்கிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியை எடுத்தேன். ஊருக்குக் கிளம்பும்முன் எல்லோரும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவோமே, அதைக்கூடச் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரியும். 'என் செல்ல வார்யா'வுக்கு அடுத்த வரி என்ன என்று நீயே சொல். உப்புத் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்துப்போய் பேனா பிடிக்க முடியவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கடிதங்களில் நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன்? எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் மறைக்காதே.

படிவங்களில் கையெழுத்துப் போடு. நானும் ஸ்தெபானும் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளக் காத்திருக்கிறோம். அவரைப் பற்றிப் போன வருஷமே உனக்கு எழுதிவிட்டேன், ஒளித்து எதுவும் செய்யவில்லை.

ரிம்மா


சோல்வா
11 நவம்பர் 1979

ரிம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தீப்பெட்டி விஷயம் சுருக்கென்று தைத்தது. உண்மைதான். பேச வராது எனக்கு. உன் பேரில் பேசும்போதுதான் எனக்கு வாய் திறந்தது, ஏன் என்று கேட்காதே.

நீ சொன்னதெல்லாம் இதுதான். உங்கள் மீன் ஆலையின் பின்வாசலுக்கு ஒரு கடல்நாய் வரும். பேர் மீசைக்காரன். வாசலில் நின்று இருமுவான், நீ வெளியே வந்தால் மீன் கேட்பான். நீ துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு விரட்டுவாய், அப்புறம் மனசு கேட்காமல் ஒரு மீனை எறிவாய். அவன் கெட்டுப்போன மீனைத் தொடமாட்டான், மேற்பார்வையாளரிடம் புகார் சொல்வான். வார்யாவுக்குப் பல் விழுந்ததா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாய். சிவப்புக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறாய், ஒரு கை முடிந்துவிட்டது. இவ்வளவுதான் என்று முடித்துக்கொள்ள ஆசை. இன்னும் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுத்து எப்படி நடக்கிறது என்று நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். கூட்ஸ் பெட்டிமேல் பேர் போடுவதற்கு எழுத்து வெட்டிய தகரத் தகடுகள் வைத்திருப்போமே, பழசாகி ஒதுக்கியதை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தேன். அவளுக்கு அதன்மேல் பைத்தியம். தகட்டை வைத்து விரலால் உள்ளே தடவிக்கொண்டே போவாள், கண்ணை மூடிக்கொண்டு எந்த எழுத்து என்று சொல்வாள். ஜன்னல் பனியில் அழுத்துகிறாள், ரவைக் கஞ்சியில் அழுத்துகிறாள். போன ஞாயிறு அடுப்புச் சுவர்மேல் காவி பெயிண்டால் Ж போட்டுவிட்டாள். ஆறு கால் வண்டு மாதிரி அது அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, தேய்த்தாலும் போகவில்லை. யார்டு வழியாகக் கூட்டிக்கொண்டு போனால் நடக்கவே மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு பெட்டியாக நின்று 'கா-லி' என்றும் 'ப-ழு-து' என்றும் எழுத்துக்கூட்டுகிறாள். இருபது எழுத்து ஆகிவிட்டது.

இப்போது அந்த ஒன்று. ஆகஸ்டில் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அடம்பிடித்தாள். அம்மா வந்தால்தான் போவேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான், கோட்டு அனுப்பியதாக நீ எழுதிய கடிதத்தை எடுத்து விரித்து, "எழுத்தெல்லாம் முடிஞ்சதும் வந்துடறேன்னு அம்மா எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

வாயிலிருந்து வந்தபிறகு திரும்ப விழுங்க முடியுமா? இவள் அதை நெஞ்சில் முடிந்து வைத்திருக்கிறாள். மார்ச்சில் எழுத்துப் புத்தகத்துக்கு விடை கொடுக்கும் விழா வரும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு எழுத்தை மார்பில் மாட்டிக்கொண்டு நாலு வரி பாட்டுச் சொல்ல வேண்டும், அம்மாக்களெல்லாம் வந்து உட்கார வேண்டும். டீச்சர் ஃபாயினா இவளுக்கு Ж-வைக் கொடுத்துவிட்டார். "அம்மா முதல் வரிசைல உக்காருவாளா, இல்ல லேட்டா வந்தா கடைசில உக்காருவாளா?" என்று என்னைத் தினமும் கேட்கிறாள்.

திட்டு. திட்டிவிட்டு ஒரு வழி சொல். வர முடியுமா?

எகோர்


சகலின்
6 டிசம்பர் 1979

எகோர்,

திட்ட உட்கார்ந்தேன். மீசைக்காரன் வந்து கெடுத்துவிட்டான். ஆலையில் பக்கத்தில் நிற்கிற பெண்களிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பின்வாசலைத் திறக்கும்போதெல்லாம் எவளாவது ஒருத்தி "மீசைக்காரா, சாப்ட வா" என்று கூப்பிட்டு ஒரு மீனை எறிகிறாள். காக்காய்கள் கொழுத்துவிட்டன.

வர முடியாது. மறைக்க ஒன்றும் இல்லை. எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, ஏப்ரல் தொடக்கத்தில். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொல்லாவிட்டாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை. அவளைப் பார்த்துவிட்டு இரண்டாம் தடவை எப்படிக் கிளம்புவேன்? எனக்கு அந்தத் தைரியம் இல்லை, எகோர். பயமாக இருக்கிறது.

அதனால் நீயே ஒரு கடிதம் சொல்லிவிடு. கடல் உறைந்துவிட்டது, கப்பல் ஓடவில்லை, அம்மா அழுகிறாள் என்று சொல். உனக்குத்தான் நன்றாக வருகிறதே. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தக் கடிதங்களில் இருக்கிற அம்மா என்னைவிட நல்லவள். அவளே இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கையெழுத்தை மறக்காதே.

ரிம்மா


சோல்வா
9 ஜனவரி 1980

ரிம்மாவுக்கு,

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். புத்தாண்டுக்கு மறுநாள், தேநீர் முடிந்ததும், உன் கடிதத்தை விரித்துவைத்துக் கடல் உறைந்த கதையைத் தொடங்கினேன். பாதியில் கையை நீட்டினாள்.

"குடுப்பா, நான் பாக்கறேன்."

கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் இன்னும் மோசம், கொடுத்துவிட்டேன். கையெழுத்து இப்போது பாதி தெரியும் அவளுக்கு. விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனாள். பெரும்பாலும் ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு சொல் புரிந்துவிட்டது. 'குழந்தை'. அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாற்காலியில் குதித்தாள். "எந்தக் குழந்தை? நானா?" என்று கேட்டாள்.

ஒரு வருஷமாகப் பொய் எனக்குத் தடங்கலில்லாமல் வந்தது. அன்றைக்கு வரவில்லை. ஆமாம், நீதான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. "அத அம்மாவே உனக்கு எழுதுவா, நீயே படிச்சுக்கோ" என்றேன். அன்றிலிருந்து தபால்காரியை வாசலிலேயே மடக்குகிறாள்.

என்னால் இனி முடியாது, ரிம்மா. நீதான் எழுத வேண்டும், உள்ளது உள்ளபடி. நான் கோபமாக இல்லை. உன் குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும். ஆனால் இவளும் உன் குழந்தைதான்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. தகரத்தைத் தபாலில் அனுப்பக் கனம், அதனால் பூட்ஸ் பெட்டி அட்டையில் முப்பத்து மூன்று எழுத்தும் வெட்டியிருக்கிறேன். Ж-வின் கால் ஒடிந்துவிடும் போல இருந்தது, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் பிடி. அட்டையைத் தாள்மேல் வைத்துப் பென்சிலை உள்ளே ஓட்டு. விரல் வெடித்திருந்தாலும் எழுத்து நேராக வரும். சின்னச் சின்ன வரியாகப் போடு. நீளமான சொல் வேண்டாம், இடையில் மூச்சு வாங்குகிறாள். அடித்தல் திருத்தல் இருந்தால் அதையும் எழுத்து என்று நினைத்துப் படிக்கப் பார்ப்பாள். இதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ இங்கே இல்லை, அதனால் சொல்கிறேன். குத்திக்காட்டவில்லை.

இருமல் அப்படியே.

எகோர்


சகலின்
10 பிப்ரவரி 1980

வார்யா,

இது அம்மா.

இது உனக்கு. அப்பாவுக்கு இல்லை.

அன்று மதியம் நீ தூங்கினாய். நான் போய்விட்டேன். உன்னை எழுப்பவில்லை. சொல்லவில்லை. அது என் தப்பு. நீ ஒன்றும் செய்யவில்லை.

நான் உனக்கு எழுதவில்லை. அப்பா படித்த கடிதம் எல்லாம் அப்பா சொன்னது. நீ அழக்கூடாது என்று சொன்னார்.

மீசைக்காரன் இல்லை. கடல்நாய்கள் உண்டு. தூரத்தில் பாறைமேல் படுத்திருக்கும். கிட்டே வராது.

நீ எழுத்தெல்லாம் படித்தாய். நான் மார்ச்சில் வர மாட்டேன். இங்கே ஒரு குழந்தை பிறக்கும். உனக்குத் தம்பி. அல்லது தங்கை. நான் இங்கேதான் இருப்பேன்.

கோபம் வந்தால் கோபப்படு. என்னிடம் எழுது. நான் படிப்பேன்.

கையுறை உண்மை. இப்போதுதான் தொடங்கினேன். ஒரு கை முடிந்தது.

இதை எழுத நாலு நாள் ஆனது. நானே எழுதினேன்.

அம்மா


சோல்வா
9 மார்ச் 1980

ரிம்மாவுக்கு,

படிவங்கள் இத்துடன் இருக்கின்றன. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதலில் விழாவைச் சொல்கிறேன். கடிதத்தைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தைரியம் வர வேண்டும். விழா வெள்ளிக்கிழமை நடந்தது. Ж-வை நான் ஒட்டுப்பலகையில் அறுத்துக் கொடுத்தேன். காவி பெயிண்ட் காயவில்லை. மேடையில் கூட்ஸ் யார்டு வாசனை அடித்தது, ஃபாயினா டீச்சர் அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவிட்டார். பக்கத்தில் З எழுத்தை மாட்டிக்கொண்டு நின்ற பையனின் வெள்ளைச் சட்டை பாழ். அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். வார்யா நாலு வரியையும் ஒரு தடவைகூடத் திக்காமல் சொன்னாள். கதவுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் பிப்ரவரி இருபத்தேழாம் தேதியே வந்துவிட்டது. உறையைப் பிரித்து முதலில் கீழே பார்த்தாள். 'அம்மா' என்ற சொல் அங்கே இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னை எதிரே உட்காரச் சொன்னாள், தானும் உட்கார்ந்தாள். ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தோம். அதற்குப் பிறகுதான் படித்தாள்.

எழுத்துக்கூட்டி, விரலை நகர்த்தி, சத்தமாகப் படித்தாள். 'போய்விட்டேன்' என்கிற இடத்தில் மூன்று தடவை தடுக்கியது. எடுத்துக் கொடுக்க என் நாக்கு துடித்தது, கொடுக்கவில்லை. 'அப்பா சொன்னது' என்று வந்ததும் நிறுத்தினாள். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும்பா," என்றாள். "மீசைக்காரன் உன்ன மாதிரியே இருமுவான்."

குழந்தை பிறக்கும் என்கிற இடம் வந்தபோது தாளை மேசைமேல் கவிழ்த்துவிட்டு அழுதாள். வாய்விட்டு அழுதாள், ரிம்மா. ஒரு கதையும் சொல்லாமல் நான் அவளைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் இருக்கு" என்று தாளைத் திரும்ப எடுத்தாள். கோபம், கையுறை, நாலு நாள், எல்லாவற்றையும் முன்போலவே எழுத்தெழுத்தாகப் படித்தாள். கீழே நீ போட்ட 'அம்மா'வையும் படித்தாள். தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் எனக்கும் நீ நாலு வரி எழுதியிருக்கிறாய் என்றாள்.

'எகோர், உன் இருமல் எப்படி இருக்கு? வேலைக்குப் போகும்போது கழுத்துல கம்பளியச் சுத்திக்கோ. மீசைக்காரன் கதைய நிறுத்தாதே. அவன் நல்லவன்.'

அதுவரை ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினவள், இந்த நாலு வரியை எங்கேயும் தடுக்காமல் படித்தாள். விரல்கூட நகரவில்லை.

"அம்மா அப்படியா எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா," என்றாள். தாளை மடித்துப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கொடு, பார்க்கிறேன் என்று நான் கேட்கவில்லை. அது அவளுக்கு வந்த கடிதம்.

அவள் உனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள், இதுவரை மூன்று வரி ஆகியிருக்கிறது. கோபம்தான் என்று நினைக்கிறேன், என்னிடம் காட்டவில்லை. வந்ததும் பதில் போடு, தாமதிக்காதே. அந்த நாலு வரியை நீ எழுதினாயா என்று நான் உன்னிடம் கேட்க மாட்டேன். என்றைக்காவது அவள் கேட்டால், எழுதினேன் என்று சொல்லிவிடு.

இருமல் இப்போது பரவாயில்லை. கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

எகோர்